தானே புயலும் ஆறு மாத்திரையும்

பக்கிரி பேச்சை நிறுத்தி இன்றோடு பதினோரு நாள்.

அதற்கு முன்னால் மட்டும் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தானா என்றால், இல்லை. ஆனால் 'சோறு', 'தண்ணி', 'சட்ட எங்க' என்று நாலைந்து வார்த்தைகளாவது வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தன. இப்போது அவையும் போய்விட்டன.

அந்த வீட்டில் மொத்தம் மூன்று பேர். மகளின் பெயர் செந்தமிழ். ஏதோ ஒரு மாநாட்டுக்கு லாரியில் போய்த் திரும்பிய உற்சாகத்தில் பக்கிரி வைத்த பெயர். பதினான்கு வயது நடக்கிறது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தகப்பனும் மகளோடு சேர்ந்துகொண்டதால், குடும்பத்தின் பேச்சு முழுவதும் அம்சவள்ளி ஒருத்தியின் பொறுப்பாகிவிட்டது. அவளும் முடிந்தவரை சமாளித்தாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

பக்கிரி பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு வீடியோ.

பதினோரு நாளைக்கு முன்னால், உப்பளத்தில் எல்லோரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில், பக்கிரியின் அக்கா அருக்காணி தன் போனை நடுவில் வைத்தாள். வெளிநாட்டில் பெரிய பதவியில் இருப்பவர்களே சொல்லிவிட்டார்களாம். கர்ப்பமாக இருக்கும்போது காய்ச்சல் மாத்திரை போட்டால், பிறக்கிற குழந்தைக்கு ஆட்டிசம் வருமாம். சோக இசைக்கு மேலே ஒரு தமிழ்க் குரல் அதை மூன்று முறை சொன்னது.

பக்கிரி கஞ்சித் தூக்கை மூடினான். எழுந்து பாத்திக்குள் இறங்கினான். அன்றைக்கு மூடியது தூக்கு மட்டும் இல்லை.

அம்சவள்ளிக்குக் குற்றச்சாட்டு புதிதல்ல. செந்தமிழுக்கு மூன்று வயதானபோது ஊர் சொன்னது: வயிற்றில் இருக்கையில் தானே புயல் அடித்ததே, அந்தக் காற்று உள்ளே புகுந்துவிட்டது. ஐந்து வயதில், கிரகணத்தன்று காய் நறுக்கினாள் என்றார்கள். பிறகு உலகம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது. அவள் டிவி பார்த்தது, தடுப்பூசி போட்டது, செல்போன் டவருக்குப் பக்கத்தில் குடியிருந்தது, கோதுமை தின்றது என்று புதுக் காரணங்கள் வந்தன. அவர்கள் வீட்டுக்குக் கோதுமை ரேஷனில் போட்டால்தான் உண்டு. அதையும் கோழிதான் தின்றது. உலகத்துக்கு விழிப்புணர்வு கூடக் கூட, அம்சவள்ளியின் குற்றப்பத்திரிகையில் ஒவ்வொரு பக்கமாகக் கூடியது. எந்தப் பக்கத்திலும் பக்கிரியின் பெயர் இல்லை.

இந்த வீடியோ முடிந்ததும் அருக்காணி அவளைத்தான் பார்த்தாள்.

அம்சவள்ளியிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. பதினான்கு வருஷமாக இருக்கிறது. அவள் கஞ்சியைக் குடித்தாள்.

*

இன்று ஏப்ரல் இரண்டு. ஆட்டிசத்துக்கென்று உலகம் ஒதுக்கி வைத்திருக்கிற நாள். உப்புக்கென்று வெயில் ஒதுக்கி வைத்திருக்கிற மாதமும் இதுதான். இரண்டையும் ஒரே காலண்டரில் வைத்தவர்களுக்கு மரக்காணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

விடியும் முன்பே பாத்தியில் இறங்கிய அம்சவள்ளி, ஏழரை மணிக்குள் கழுத்து இறுகும் அளவுக்கு உப்புக் கூடை சுமந்திருந்தாள். செந்தமிழ் மோட்டார் கொட்டகையில் நின்றாள். பாத்திக்கு உப்புத் தண்ணி இறைக்கிற மோட்டார் அது. ஓடுகிற வரைக்கும் கொட்டகைச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அந்த அதிர்வு அவளுக்கு என்ன சொல்லுமோ, முகத்தில் அப்படியொரு நிம்மதி இருக்கும்.

மோட்டாரை நிறுத்துவதற்கு முன்னால் "அம்சாக்கா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் ஓடி வந்து மகளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் செந்தமிழ் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அந்தக் கையை விலக்கினால் அம்மாவின் கை. அம்சவள்ளியின் இடது முன்கையில் பழைய தழும்பும் புதிய தழும்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

போன மாதம் லாரியில் உப்பு ஏற்ற வந்த ஒருத்தன் அந்தக் கொட்டகைக்குள் போனான். அம்சவள்ளி கூடையைப் போட்டுவிட்டு ஓடிப் போய் வாசலில் நின்றதும் வெளியே வந்தான். தண்ணி குடிக்கப் போனேன் என்றான். அந்தக் கொட்டகையில் குடிக்கிற தண்ணி கிடையாது. ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் மகள் சொல்லப் போவதில்லை.

அதிலிருந்துதான் அம்சவள்ளிக்குத் தூக்கம் போயிற்று. கிளியனூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பகல் நேர மையம் இருக்கிறது. காலையில் வேன் வரும், சாயந்திரம் கொண்டுவந்து விடும். அங்கே ஒரு இடம் காலி. போன வருஷமும் ஒரு இடம் காலியாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு ஒரு விதி: முதல் ஒரு மாதம் அப்பா கூடவே வந்து உட்கார வேண்டும். அம்மா வந்தால் பிள்ளை அம்மாவை விட்டு நகராதாம்.

"சீசன்ல எவன் வருவான்," என்றான் பக்கிரி, போன வருஷம். இடம் கீழ்புத்துப்பட்டு ஊர்ப் பிள்ளை ஒன்றுக்குப் போயிற்று. அந்தக் குடும்பம் இப்போது சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அதே இடம் மறுபடியும் வந்திருக்கிறது. இன்று மரக்காணத்தில் நடக்கிற ஆட்டிச நாள் விழாவிலேயே, மதியம் ஒரு மணிக்குள் நேர்காணல். அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டும்.

"ஏண்டி அம்சா," என்று அருக்காணி கூடையை இறக்கினாள். "இன்னிக்கி இன்னாமோ நீலக் கலரு கட்டணுமாமே. எங்க சத்யா ஸ்டேட்டஸ் வெச்சிருக்குது."

"என்கிட்ட நீலத்துல ஒண்ணுதான் இருக்குது அண்ணி. அதுவும் உப்புக் குவியல மூடிக் கெடக்குது."

அருக்காணிக்குத் தார்ப்பாய் நகைச்சுவை பிடிக்கவில்லை. அவள் மகள் சத்யப்ரியா செந்தமிழுக்கு ஒரு மாதம் இளையவள். பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். மாவட்டப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை அவர்கள் வீட்டு டிவி மேலே இருக்கிறது. அதைப் பார்க்காமல் அந்த வீட்டில் டிவி பார்க்க முடியாது.

"மொகத்தத் தூக்காதடி. நானா சொல்றேன், ஒலகமே சொல்லுது. அன்னிக்கே கேட்டேன், மாத்திர கீத்திர முழுங்குனியான்னு. வாயத் தொறக்க மாட்டேன்ற."

"தொறந்தா மட்டும் இன்னா அண்ணி ஆவப் போவுது."

"எங்க தம்பி பாவம். ஊமையாட்டம் திரியறான். உன்ன ஒரு வார்த்த கேட்டிருப்பானா? வேற ஆம்பளையா இருந்தா..."

"மீதிய அப்புறம் கேட்டுக்கறேன். மோட்டார நிறுத்தப் போறாங்க."

மகளைப் பிடித்து, அமர்த்தி, முகம் கழுவிவிட்டு, அம்சவள்ளி பக்கிரியின் பாத்தி வரப்பில் போய் நின்றாள். அவன் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

"பத்தே முக்கா பஸ்ஸுக்குப் போவணுங்க. ரெண்டு பேரும் வந்தாதான் ஃபாரத்தையே எடுப்பாங்களாம்."

பலகை போயிற்று, வந்தது.

"சீசன் அடுத்த வருஷமும் வரும். இந்த எடம் வராது."

பலகை போயிற்று, வந்தது.

"பேச வேணாம். தலையயாவது ஆட்டுங்க."

உப்புக்கு வலிக்குமோ என்பதுபோல அவன் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தான். தலை ஆடவில்லை.

அவள் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் வந்து நின்று, ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின்படியில் அவன் ஏறுவதைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையை அவன் சாவு வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் மட்டும்தான் போடுவான். இன்று எதற்குப் போட்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். அவன் தனக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டு, தனியாகப் போகிறவன்போல நின்றுகொண்டே வந்தான்.

*

மரக்காணம் கல்யாண மண்டபத்து வாசலில் நூற்றுக்கணக்கில் நீல பலூன்கள்.

பலூன் வெடிக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளுக்காக நடத்துகிற விழா அது. ஒரு கல்லூரியிலிருந்து வந்த தொண்டர்கள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பலூனைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிய ஐந்து நிமிஷத்தில் மூன்று வெடித்தன. நான்கு பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டன. அதையும் ஒருத்தர் படம் பிடித்தார், விழிப்புணர்வுக்காக.

உலகம் முழுக்க இன்று ராத்திரி பெரிய கட்டடங்களுக்கு நீல விளக்கு போடுவார்களாம். சிறப்பு விருந்தினருக்குச் சாயந்திரம் வேறு விழா இருந்ததால் மரக்காணத்தில் காலை பதினோரு மணிக்கே போட்டார்கள். பங்குனி வெயிலில் அது எரிகிறதா என்று பார்க்க ஒருத்தர் ஏணி வைத்து ஏறினார்.

"பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கெல்லாம் இது இருந்திருக்கிறது," என்று விருந்தினர் மைக்கில் சொன்னார். மைக் கீச்சிட்டது. செந்தமிழ் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். அம்சவள்ளி தன் கையைக் கொடுத்தாள். விஞ்ஞானிகளின் அம்மாக்களுக்கும் தழும்பு இருந்ததா என்று விருந்தினர் சொல்லவில்லை.

நேர்காணல் பின்பக்கம், மணமகள் அறையில். நிலைக்கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. கிளியனூர் மையத்தின் ஆசிரியை ஆரோக்கியசெல்வி, பலூன் எதையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்தினாள். மின்விசிறியைக் குறைத்தாள். செந்தமிழை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. ஏசி இரைந்துகொண்டிருந்த சுவரை அவளே கண்டுபிடித்துக் கன்னத்தை வைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தாள்.

அம்சவள்ளிக்கு அந்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. இந்த இடம் கிடைக்காவிட்டால் வேறு எந்த இடமும் வேண்டாம்.

"நாப்பது கேள்வி இருக்குதுங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி. "தெரிஞ்சத சொன்னா போதும். யாரும் பாஸு ஃபெயிலு போடப் போறதில்ல."

பக்கிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான். முதல் பத்துக் கேள்விகளுக்கு அம்சவள்ளிதான் பதில் சொன்னாள். பிறந்த எடை, அழுத நேரம், நடந்த வயது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றாவது கேள்வி.

"கர்ப்பமா இருந்தப்ப உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்துதாம்மா? மருந்து மாத்திர எடுத்தீங்களா?"

அம்சவள்ளி வாயைத் திறப்பதற்குள் பக்கிரி எழுந்து நின்றான்.

"எழுதிக்குங்க," என்றான்.

பதினோரு நாளாகப் பூட்டிக் கிடந்த தொண்டை. குரல் கரகரத்து, அவனுடையது மாதிரியே இல்லை.

"பக்கிரி. தகப்பனார் பேரு வெங்கடாசலம். ஆதார் நம்பரு கேட்டீங்கன்னாலும் தர்றேன். மாத்திர வாங்கியாந்தது நான்தான். ஆறு மாத்திர. என் பொண்டாட்டி மேல எதையும் எழுதாதீங்க. காய்ச்சல்ல சுருண்டு கெடந்துச்சு. நான்தான் எழுப்பி, இத முழுங்கிட்டு வந்து பாத்தி மிதின்னு சொன்னேன். கேஸு எதுனா போடறதுன்னா என் மேல போடுங்க."

ஆரோக்கியசெல்வி பேனாவைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷ வேலையில் பதினொன்றாவது கேள்விக்கு யாரும் சரணடைந்ததில்லை போலும்.

"உக்காருங்க சார். கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஒலகம் பூரா சொல்றாங்களே மேடம்."

"சொல்றாங்க. யார் வேணா சொல்லலாம். பெரிய பெரிய ஆய்வுலல்லாம் தேடிப் பாத்துட்டாங்க, அந்த மாத்திரையாலதான் வருதுன்னு நிரூபணம் இல்ல. எத்தினியோ கோடி பேரு சாப்ட மாத்திர அது. இது யாரு செஞ்ச தப்பும் இல்லீங்க. இந்தக் கேள்வி சும்மா, எல்லாருகிட்டயும் கேக்கறது. அடுத்த கேள்வி பல்லு மொளைச்ச வயசு."

பக்கிரி தலையை ஆட்டினான். காலையில் ஆடாத தலை. ஆனால் அந்த ஆட்டம் நம்புகிறவனுடையது இல்லை. தீர்ப்பைக் கேட்டு முடித்தவனுடையது. பதினான்கு வருஷமாக ஏன், ஏன் என்று கிடந்தவனுக்கு ஒரு காரணம் கையில் கிடைத்திருக்கிறது. அதைப் போய் நிரூபணம் இல்லை என்று யாராவது பிடுங்கினால் விடுவானா?

அம்சவள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பதினோரு நாளும் இவன் தன்னைத்தான் வெறுக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

*

தானே புயல் கடலைத் தூக்கி உப்பளத்தில் கொட்டிவிட்டுப் போன வருஷம் அது. பாத்தி முழுக்க மணல். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, களிமண் தரையை முதலிலிருந்து மிதித்து இறுக்க வேண்டியிருந்தது.

மிதிப்பதற்கு ஒரு முறை உண்டு. பன்னிரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்பார்கள். ஒரே நேரத்தில் கால் தூக்கி, ஒரே நேரத்தில் வைத்து, நாள் முழுக்கப் போய்ப் போய் வருவார்கள். அவரவர் கால்பட்ட தடம் அவரவருடையது. நடுவில் ஒரு ஆள் இல்லாவிட்டால் அந்தத் தடம் மட்டும் இளகி நிற்கும். அந்த இடத்தில் தண்ணி கீழே இறங்கும். உப்பு சேறாக வரும். அந்த வருஷம் முழுக்க அந்தப் பாத்தி உதவாது. அதனால் வரிசையில் ஓட்டை விழக் கூடாது.

அம்சவள்ளிக்கு மூன்றாம் மாதம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பக்கிரி மரக்காணம் போய், செய்தித்தாளில் மடித்த ஆறு மாத்திரையோடு வந்தான். "ரெண்டே நாளு மிதிச்சிடு. அப்புறம் படுத்துக்க," என்றான்.

அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விழுங்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு கரு கலைந்திருந்தது. அப்போது யாரோ கொடுத்த ஏதோ மாத்திரையைத் தின்றிருந்தாள். அதனால் பயம். மாத்திரையைத் தின்னாமல், அவனிடம் சொல்லாமல், கொதிக்கிற உடம்போடு வரிசையில் போய் நின்றாள். மிதித்தாள்.

இரண்டாம் நாள், அவள் வலது தோளை ஒட்டி நின்ற அருக்காணி, "தல வெடிக்குதுடி, மாத்திர எதுனா வெச்சிருக்கியா," என்றாள். அருக்காணியும் அப்போது முழுகாமல் இருந்தாள். அம்சவள்ளி முடிச்சை அவிழ்த்து, செய்தித்தாள் மடிப்போடு ஆறையும் கொடுத்தாள். மூன்று நாளில் ஆறும் காலி. அந்த வயிற்றிலிருந்து வந்தவள்தான் மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள்.

இதுதான் அம்சவள்ளியிடம் இருந்த பதில். இதைச் சொன்னால் அருக்காணியின் வாய் ஒரே நொடியில் மூடும். அப்படியானால் ஏன் சொல்லவில்லை?

ஏனென்றால் விழிப்புணர்வு அதற்கும் ஒரு வீடியோ வைத்திருந்தது. கர்ப்பத்தில் வந்த காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டாலும் பிள்ளைக்கு ஆபத்து என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சொன்னதை அவள் தனியாக, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். மாத்திரை என்றால் குற்றம் கொடுத்தவனுடையது. காய்ச்சல் என்றால், மாத்திரை கையில் இருந்தும் தின்னாதவளுடையது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நீங்க சாப்டீங்களாம்மா?" என்று ஆரோக்கியசெல்வி கேட்டாள். "எழுதணும்ல, அதுக்குத்தான்."

பக்கிரி அவளைத் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. பதினோரு நாளாக இந்த ஆள் தூங்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை. அது போதும். அவன் தோளிலிருந்து பாரம் இறங்கிவிடும். இறங்கியதும் அவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குப் போவான். போன வருஷம் போன மாதிரி. சீசன்ல எவன் வருவான் என்பான்.

சுவரில் கன்னத்தை வைத்தபடி செந்தமிழ் கண்ணை மூடியிருந்தாள்.

"சாப்டேன்," என்றாள் அம்சவள்ளி.

பேனா நகர்ந்தது. ஒரு வரியில் முடிந்துவிட்டது. அடுத்து பல் முளைத்த வயது.

நாற்பதாவது கேள்வி கேள்வியே இல்லை, நிபந்தனை. ஆரோக்கியசெல்வி அதைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்தாள். "போன வருஷம் நீங்க முடியாதுன்னுட்டீங்களாம் சார். முதல் ஒரு மாசம், காலைல ஒம்போதுலேருந்து மூணு மணி வரைக்கும்..."

"வர்றேன்."

"சீசன் நேரமாச்சேங்க. பாத்தி?"

"வேற ஆளு பாக்கட்டும். ஒரு மாசம் இன்னா, நீங்க சொல்ற வரைக்கும் வர்றேன்."

"திங்கக்கெழமைலேருந்து வேன் வரும்," என்றாள் ஆரோக்கியசெல்வி.

கேட்டது கிடைத்தது. வெளியே வந்ததும் ஒரு தொண்டர் நீல அட்டைச் சட்டம் ஒன்றைக் குடும்பத்துக்கு முன்னால் பிடித்து, சிரிக்கச் சொன்னார். அந்தப் படத்தில் பக்கிரி மகளின் பக்கத்தில் நிற்கிறான். அம்சவள்ளியின் முகத்தைச் சட்டத்தின் ஓரம் பாதி மறைத்துவிட்டது. நல்லதுதான்.

*

திரும்பும் பஸ்ஸில் பக்கிரி அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தான். அணை உடைந்த மாதிரி கேள்விகளாக வந்தன.

"இதுக்கு எந்தப் பக்கம் உக்காந்தா புடிக்கும்?"

"ஜன்னல் பக்கம்."

"சோத்துல கொழம்ப ஊத்தலாமா?"

"கூடாது. தனியா வெக்கணும். ரெண்டும் தொட்டுக்கக் கூடாது."

"தண்ணி?"

"பச்சத் தண்ணிதான். ஆனா அந்த செவப்பு டம்ளர்லதான் குடிக்கும்."

அவன் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பதினான்கு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே சாப்பிட்டவன். அம்சவள்ளிக்கு அவன்மேல் பொங்கி வந்தது கோபமா, இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அம்சா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம்.

"அந்த மாத்திரய எத்தினி நாள்ல முழுங்குன?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு பொய் சொன்னால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதற்குப் பசிக்கும், தினமும் தீனி கேட்கும் என்று யோசிக்கவில்லை.

"மூணு நாள்ல," என்றாள்.

அவன் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். வேர்வைதான் என்று வைத்துக்கொள்ளலாம். சட்டென்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"ஸ்டாப்புல அக்கா நிக்குது."

புளியமரத்து நிழலில் அருக்காணி குடையோடு நின்றாள். சீட் கிடைத்ததா என்று கேட்க வந்திருப்பாள். கிடைக்கவில்லை என்றால் ஆறுதல் சொல்ல வசதியாக.

"நல்லதாப் போச்சு," என்றான் பக்கிரி. "அதுகிட்ட நானே சொல்லிடறேன். இனிமே உன்ன ஒரு வார்த்த பேசக் கூடாது."

"இன்னிக்கி வேணாங்க. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

"இல்ல அம்சா. பேப்பர்ல மடிச்சு ஆறு மாத்திர, மிதிக்கற அன்னிக்கி, எல்லாத்தையும் சொல்லிடறேன். மனசுல வெச்சினு இருந்தா திங்கக்கெழம நான் வேன்ல ஏற மாட்டேன்."

அந்த ஆறு மாத்திரை எங்கே போயின என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி இங்கே பஸ்ஸுக்குள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி மறந்திருக்கலாம். ஆனால் செய்தித்தாள் மடிப்பைச் சொன்னால் நினைவு வரும். வந்தால் அதை மனசுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க."

பஸ் நின்றுவிட்டது. பக்கிரி மகளின் விரல்களைப் பழக்கமில்லாத விதத்தில், மீன் நழுவிவிடுமோ என்பதுபோலப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான். செந்தமிழ் கையை உருவிக்கொள்ளவில்லை. அதுவே அதிசயம்.

"அக்கா," என்றான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."